பெரிய பையர் கிடைத்துவிட்டால் போதுமா? வெளியாரை நம்பி ஓடும் நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் தொழில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், பதிலாக ஒரு பையரின், அதாவது அவருக்கு மொத்தமாக ஆர்டர் தரும் வெளிநாட்டு வாடிக்கையாளரின், பெயர்தான் வரும். "இப்ப முழுசா அவங்களுக்குத்தான் ஓட்டிட்டு இருக்கோம்" என்பார், குரலில் பெருமை தெரியும். மெர்ச்சண்டைசராக, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பவனாக, இருந்த காலத்தில் நானும் அப்படிப் பெருமைப்பட்டவன்தான்.

யோசித்துப் பார்த்தால் அங்கே எதுவுமே அவருடையது இல்லை. நூல் மில்லில் இருந்து வருகிறது, சாயம் ஒரு பட்டறையில், பிரின்டிங் இன்னொருவரிடம், பணம் பேங்கில், ஆர்டர் கடல் தாண்டி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உலகத்தில் எல்லா நிறுவனமும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் நம் குடுமி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தகுந்தபடி நம் புத்தியும் பழக்கமும் மாறிக்கொண்டே வரும், அது நமக்குத் தெரியவே தெரியாது.

முதல் தவறு, யாரை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதைப் பணத்தை வைத்து அளப்பது. ஒருமுறை 18,000 டி-ஷர்ட் தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் பண்ணி, பேக்கிங் மேசையில் குவித்து வைத்திருந்தோம். ஹேங்டேக், அதாவது சட்டையில் தொங்கவிடும் பிராண்ட் அட்டை, வரவில்லை. பையர் சொன்ன ஆளிடம்தான் அதை வாங்க வேண்டும், வேறு இடத்தில் அடித்தால் சரக்கை எடுக்க மாட்டார்கள். ஒரு டேக் ஒரு ரூபாய் சொச்சம். ஒன்பது நாள் காத்திருந்தோம், கப்பல் போய்விட்டது, சரக்கை எங்கள் செலவில் ஃப்ளைட்டில் அனுப்பினோம், அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை. கணக்குப் புத்தகத்தில் நூல்தான் பெரிய செலவு, ஆனால் நூலை நாலு மில்லில் வாங்கலாம். அதனால் இதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்பதை விட, இது நின்றால் எத்தனை நாள் தாங்குவோம், வேறு இடத்தில் வாங்க விடுவார்களா என்று கேளுங்கள்.

இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் விழுந்து சின்னத் தீ, சில நிமிடங்களில் அணைத்தும் விட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறைக்குள் புகை போனால் முடிந்தது கதை. செல்போனுக்கு அங்கே சிப் வாங்கிக்கொண்டிருந்த நோக்கியா உடனே சுதாரித்து, ஆட்களை அனுப்பி, வேறு ஆலைகளில் கிடைத்ததையெல்லாம் பிடித்துப் போட்டது. இன்னொரு செல்போன் நிறுவனமான எரிக்சனும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தது, 'ஒரு வாரத்தில் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தது, சில சிப்களுக்கு வேறு இடமும் வைத்திருக்கவில்லை. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த வருடம் போன் தொழிலை சோனியோடு சேர்ந்து நடத்தும் நிலைக்கு வந்துவிட்டது. தீ விபத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது, பில் வராத பொருளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்கு யாரும் பில் கட்டியதில்லை. சாயக் கழிவு வருடக்கணக்காக அதில் ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கி ஷிப்மென்ட்டைக் காப்பாற்றப் பலர் அலைந்தார்கள். அதுவரை ஆறும் அரசு அனுமதியும் அக்கம்பக்கத்து ஊர்க்காரரின் பொறுமையும் தங்கள் மூலப்பொருள் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

சரி, ஒரே பையர் ஆபத்து என்று புரிந்துகொண்டு ஐந்து பையர் பிடிக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் ஐந்து கூடையையும் ஒரே தலையில் தூக்கி வைத்தால் என்ன பயன்? 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, பையர் ஐந்தும் அமெரிக்காவாக வைத்திருந்தவருக்கும் ஒரே பையர் வைத்திருந்தவருக்கும் அன்று காலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெயர்களை எண்ணாமல், எல்லாம் சேர்ந்து விழ என்ன காரணம் இருக்க முடியும் என்று பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பையர் எதை அளக்கிறாரோ அதில் மட்டும் நாம் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறோம். அவருக்கு ஆடிட், அதாவது கம்பெனியை நேரில் வந்து சோதிப்பது, முக்கியமா, ஆடிட்டுக்கென்று ஆள் வைக்கிறோம். அவர் சாம்பிளை நாலு நாளில் கேட்டால் சாம்பிள் செக்‌ஷன் பெரிதாகிறது. டிசைன் அவரே தருவதால் நம்மிடம் டிசைனர் தேவைப்படுவதில்லை, விற்பதும் அவர் வேலை, அதனால் கடையில் எந்த நிறம் போகிறது என்பது நமக்குத் தெரியாது. பத்து வருடம் இப்படி ஓடினால், அவர் போன பிறகு மெஷின் இருக்கும், டெய்லர் இருப்பார், எதைத் தைப்பது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. இந்தத் திறமைக் குறைவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. கொஞ்சமாவது சொந்தச் சரக்கு, லோக்கலில் விற்கும் சின்ன அளவாவது, லாபம் வராவிட்டாலும் கற்றுக்கொள்ளவாவது வைத்திருப்பது நல்லது என்பேன்.

சட்டம் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பதையும் தவறு என்றுதான் சொல்வேன். சிறு, குறு உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை, செய்பவருக்கும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் உண்டு, தராவிட்டால் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து விதியும் இருக்கிறது. புகார் கொடுக்கவும் வழி உண்டு. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்பதுதான் கேள்வி, அதனால் பலர் வாயைத் திறப்பதில்லை.

சிலர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். ஒருமுறை சூடுபட்டதும் "இனி எல்லாம் நம்மகிட்டயே" என்று நிட்டிங், டையிங், பிரின்டிங் எல்லாம் லோன் போட்டு வாங்குவார்கள். பையரிடம் இருந்த குடுமி பேங்குக்குக் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதோடு அந்த மெஷின்களுக்குத் தீனி போட வேண்டுமே, முன்பு வேண்டாம் என்று சொன்ன மட்டமான ரேட் ஆர்டரையும் இப்போது எடுத்தாக வேண்டும்.

போன மாதம் யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து இதைத் தாளில் எழுதிப் பார்த்தோம். இடப்பக்கம் யாரை நம்பியிருக்கிறோம், வலப்பக்கம் அவர் நின்றால் எத்தனை நாள் ஓட்டலாம். பையர், கையில் இருக்கிற ஆர்டரை வைத்து 70 நாள். நூல் 12 நாள். டையிங் 6. கடைசியாக, ஒடிசாவிலிருந்து ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தபடியே யோசித்தார். அப்புறம் 2 என்று போட்டார்.

"அந்த ஆளுக்குக் கடைசியா பணம் எப்பக் குடுத்தீங்க?" என்றேன்.

மூன்று வாரமாக நிலுவை. பையரிடமிருந்து வந்த மெயிலுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் போடுகிற மனிதர், போனை எடுத்து அக்கவுண்டன்ட்டைக் கூப்பிட்டார்.