அது குப்பை இல்லை: ஆப்பிரிக்கர் இடுகாடுகளில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அமெரிக்காவின் தென் கரோலினா கடலோரத்தில் ஒரு பழைய இடுகாட்டைப் பதிவு செய்யப் போயிருந்தோம். புதிதாக வந்த இரண்டு பேர், வண்டியை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடம் கையுறை மாட்டிக்கொண்டு பெரிய கறுப்புப் பையை விரித்தார்கள். கத்தியே விட்டேன். ஏனென்றால் பதினோரு வருடங்களுக்கு முன்னால் அதே மாதிரிப் பையை விரித்தவன் நான். கல் மேல் ஏறி உட்காராதே என்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

சுத்தம் செய்வது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா-கீச்சி மக்களின் பழைய கல்லறைகளில் உடைந்த தட்டு, கைப்பிடி போன கோப்பை, விளக்குக் கண்ணாடி, மருந்துப் புட்டி, நின்றுபோன கடிகாரம், சங்கு, கிளிஞ்சல் எல்லாம் கிடக்கும். பார்த்தால் யாரோ கொட்டிவிட்டுப் போனது போலத்தான் இருக்கும். ஆனால் அவை இறந்தவர் கடைசியாகப் புழங்கிய பொருட்கள். தட்டு தானாக உடையவில்லை, வேண்டுமென்றே உடைத்து வைத்தது. சாவின் சங்கிலி அறுபட வேண்டும், வீட்டில் அடுத்த ஆள் பின்னாலேயே போய்விடக் கூடாது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். வெள்ளைச் சங்குக்கும் பொருள் உண்டு. மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களுக்கு இறந்தவர்களின் உலகம் நீருக்குக் கீழே இருப்பது, வெள்ளை இறந்தவர்களின் நிறம்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் இரண்டு பை நிரப்பிவிட்டு, பெருமையாக வியர்வை துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடுகாட்டின் தேவாலயத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார், ஒரு கோப்பையை எடுத்தார், "இது எங்க அத்தையோடது, எந்தக் குழியிலிருந்து எடுத்தே?" என்று கேட்டார். திட்டக்கூட இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, ஆறு குழிகளின் பொருளையும் ஒரே பையில் போட்டிருந்தேன். அந்தக் குழிகளுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது, அந்தக் கோப்பைதான் கல், அதை எடுத்ததும் அத்தை எங்கே படுத்திருக்கிறார் என்பதும் போய்விட்டது. ஒரு குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தோம். இன்றைக்கும் அது தப்பான இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? முதலில் படம் எடுங்கள், எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்று வரைந்து கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர் ஒருவர் வரும்வரை கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யக்கா செடியையும் களை என்று வெட்டாதீர்கள், அதைக் கல்லறைக்கு அடையாளமாக நட்டிருப்பார்கள்.

கல் இல்லை, அதனால் கல்லறை இல்லை

மரப்பலகை மக்கிப் போகும், எழுத்தில்லாத காட்டுக்கல் புல்லில் மறையும், கடைசியில் லேசாக அமுங்கிய தரை மட்டும் மிஞ்சும். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்பகுதியில் 1991இல் அரசு அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, மேலே எந்த அடையாளமும் இல்லாத இடத்தில், பல அடி மண்ணுக்குக் கீழே ஆப்பிரிக்க வம்சாவளியினர் 419 பேரின் எச்சங்கள் கிடைத்தன. மொத்தம் 15,000 பேர்வரை அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

எல்லாவற்றையும் 1700களுக்குத் தள்ளுவது

நான் மேலே சொன்ன கோப்பையும் கடிகாரமும் பெரும்பாலும் அடிமைமுறை ஒழிந்ததற்குப் பிந்தியவை. காலனிக் காலத்துச் சான்று பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் கிடைக்கிறது. மன்ஹாட்டனில் ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றிப் பாசிமணிகளும் சோழிகளும் இருந்தன, பற்கள் அராவப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே அறிக்கையில் குழப்பி "300 வருட வழக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கம் பழசாக இருக்கலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் விளக்குக் கண்ணாடி அதற்குச் சாட்சி இல்லை.

இதயம் தெரிந்தால் சங்கோஃபா என்பது

அதே மன்ஹாட்டன் இடுகாட்டில் ஒரு சவப்பெட்டி மூடியில் ஆணிகளால் இதய வடிவம் போட்டிருந்தார்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களின் சங்கோஃபா குறி, அதாவது கடந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள் என்பதன் சின்னம் என்று விளக்கம் பரவி, நினைவுச்சின்னத்திலும் பொறித்துவிட்டார்கள். அப்புறம், அந்தக் காலத்து ஆங்கிலேயர் சவப்பெட்டிகளிலும் ஆணி இதயம் உண்டே என்று மறுப்பு வந்தது. எனக்கும் சங்கோஃபாவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் ஆசை. ஆனால் குறிப்பேட்டில் "ஆணிகளால் இதய வடிவம்" என்று மட்டும் எழுதுகிறேன்.

புதைத்த உடலின் தலை மேற்கே இருந்தால், அதை வைத்து மதத்தைச் சொல்லிவிடுவது

சொல்ல முடியாது.

சவ ஊர்வலத்தை மறப்பது

குழியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும். அடிமைகளின் இரவு அடக்கத்தை நியூயார்க் நகரம் 1722இல் தடுத்தது, 1731இல் வருபவர்களின் எண்ணிக்கையை 12 ஆகக் குறைத்தது. அடிமைகள் ஒன்றுகூடினால் சதி செய்வார்கள் என்ற பயம்.

கல்லில் ஷேவிங் க்ரீம் தடவி மங்கிய எழுத்தைப் படிப்பது

வேண்டவே வேண்டாம்.

குடும்பப் பெயரை நம்புவது

ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் 1768இல் இறந்த கஃபி கிப்ஸின் கல் இருக்கிறது. அதைச் செதுக்கியவர் பாம்ப் ஸ்டீவன்ஸ், ஸ்டீவன்ஸ் குடும்பத்துக் கல்தச்சுப் பட்டறையில் அடிமையாக வேலை பார்த்தவர். இது என் சகோதரனுக்காக நான் வெட்டிய கல் என்று தன் பெயரையும் அதிலேயே பொறித்திருக்கிறார். ஒருவர் கிப்ஸ், இன்னொருவர் ஸ்டீவன்ஸ். இரண்டுமே எசமானர்களின் குடும்பப் பெயர்கள், அதை வைத்து உறவைத் தேடினால் இருவரும் அந்நியர்களாகத்தான் தெரிவார்கள். கஃபி என்பது மட்டும் வேறு. வெள்ளிக்கிழமை பிறந்த பையனுக்கு அகான் மக்கள் வைக்கும் கோஃபி என்ற பெயர்தான் அது.