அடிபட்ட பெண் வாசலில் வந்து நிற்கும்போது நாம் செய்யும் தவறுகள்

புருஷன் அடித்து வீங்கிய கன்னத்தோடு தங்கையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ வந்து நின்றால், "அப்படி என்னம்மா சண்டை?" என்றுதான் முதலில் கேட்போம். ஆறுதலாகத்தான் கேட்கிறோம். ஆனால் 'நீ என்ன தப்புப் பண்ணினே?' என்றுதான் அவள் காதில் விழும். கேட்க வேண்டியது வேறு: "இப்ப அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக பயமா இருக்கா? கழுத்தை நெரிச்சானா?" கழுத்தை நெரித்ததற்கு வெளியே தடம் தெரியாமலும் போகலாம், உள்ளே காயம் இருக்கலாம். அப்படிச் செய்தவன் அடுத்த முறை உயிரையே எடுக்கக்கூடும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யார், எப்படித் தாக்கினார் என்பதை மருத்துவரிடம் அவள் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டால், பிறகு அந்தச் சீட்டே அவளுக்கு எதிராக நிற்கும்.

எனக்குத் தெரிந்து பெரிய தவறு, "நான் அவன்கிட்ட பேசிப் பார்க்கறேன்" என்று கிளம்புவது. அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்த அன்றிரவு அந்த வீட்டில் நாம் இருக்கப்போவதில்லை. மாமா, பெரியப்பா எல்லாம் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். அவன் அழுவான், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான். "ரெண்டு புள்ள ஆயிடுச்சு, அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று தீர்ப்பாகும். அவனை எதிரில் வைத்துக்கொண்டு அவளால் எதை மனம்விட்டுச் சொல்ல முடியும்? "குடிச்சாதான் அடிப்பான், மத்தபடி தங்கம்" என்பார்கள். அந்தத் தங்கம் குடித்துவிட்டு மேலதிகாரியை அடிப்பதில்லையே.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: "இன்னைக்கே பெட்டியைக் கட்டு" என்று விரட்டுவது. பெண் பிரிந்து போகும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. உடனடி ஆபத்து என்றால் 112-ஐ அழைத்துவிட்டு உடனே வெளியேற வேண்டியதுதான். இல்லையென்றால் நாளையும் வழியையும் அவள் முடிவு செய்யட்டும். ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, அடகு ரசீது, மாத்திரை எல்லாம் ஒரு பையில் நம் வீட்டில் இருக்கலாம். போனில் லொகேஷன் யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். 'பத்திரமா வந்துட்டா' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் சித்தப்பாவை என்ன சொல்வது!

சட்டம் என்றாலே புருஷனை உள்ளே தள்ளுவது என்று நினைத்து ஒதுங்குபவர்கள் அதிகம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்படையில் பாதுகாப்புக்கானது. அடிக்காதே, பின்தொடராதே என்ற உத்தரவு, தங்குமிடம், பணம், குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்பளத்தைப் பிடுங்குவதும், செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பதும், தினமும் கேவலப்படுத்துவதும் இதில் வன்முறையே. "வீடு மாமியார் பேர்ல இருக்கு, உனக்கு உரிமையில்லை" என்று பயமுறுத்துவதையும் நம்ப வேண்டாம். குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. சொத்துரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு.

மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி நாள் எண்ணச் சொல்லாதீர்கள், இழுக்கும். மனு முடியும்வரைக்குமான இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். பெண்ணுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால், அடிபட்ட பெண்ணுக்கு வேண்டிய உதவிகளை ஒரே இடத்தில் தரும் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். இந்தச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு அக்கம்பக்கத்தாரும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் சட்டப்பொறுப்பு வராது.

பிள்ளைகளை நடுக்கூடத்தில் நிறுத்தி "அப்பா அடிச்சாரா?" என்று சாட்சி கேட்பதும் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு அவள் திரும்பிப் போகலாம். ஒரு முறையல்ல, பல முறை. "இனிமே என்கிட்ட வந்து அழாதே" என்று நாம் கதவைச் சாத்தினால், அவளைத் தனியாக்க அவன் பட்ட பாடு பலித்துவிடும். போகட்டும். அவள் வைத்த பை நம் பீரோவிலேயே இருக்கட்டும்.