புது போன் வாங்கும் முன்: சிப்பிலும் மடிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் திணறத் தொடங்கியதும் பழி முதலில் புராசஸர், அதாவது சிப் மேல்தான் விழுகிறது. வாட்ஸ்அப், யூபிஐ, யூடியூப், மேப் ஆகியவற்றுக்கு நாலைந்து ஆண்டுக்கு முந்தைய நடுத்தர சிப்பே தாராளம். திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி தேயத் தேய அதன் உள் மின்தடை கூடும். சிப் ஒரு நொடி அதிக மின்சாரம் இழுத்தாலே வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். பழைய ஐபோன் 6 வரிசையில் இதைத் தடுக்க ஆப்பிள் மென்பொருள் வழியாக சிப்பின் வேகத்தைக் குறைத்தது. 2017 டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக்கியது. புது பேட்டரி போட்டதும் அதே சிப் பழைய வேகத்துக்குத் திரும்பியது. இன்றும் ஐபோனின் பேட்டரி ஹெல்த் பகுதியில் 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், புது போனுக்குப் போகும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சாம்சங்கில் மெம்பர்ஸ் செயலியின் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் பேட்டரி நிலை தெரியும்.

அடுத்தது ஸ்டோரேஜ். விலை குறைந்த போன்களில் இருக்கும் இஎம்எம்சி 5.1 என்ற ஸ்டோரேஜ் வகை நொடிக்குச் சுமார் 300 எம்பி படிக்கும், யுஎஃப்எஸ் 2.2 என்ற வேகமான வகை சுமார் 1000 எம்பி. செயலி திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி இங்கே போகிறது. ஆனாலும் கடையில் கேட்கப்படுவது சிப்பின் பெயர் மட்டும். ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தால் எந்த வகையும் மந்தமாகும். 15 சதவீதமாவது காலியாக வையுங்கள். '8+8 ஜிபி ரேம்' என்பதில் இரண்டாவது 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீண்ட நேரம் கேம் ஆடுவோருக்கும் 4கே வீடியோ எடிட் செய்வோருக்கும் வேகமான சிப் உண்மையிலேயே வேண்டும். அவர்கள் செய்யும் தவறு, வேகச் சோதனையில் சில நிமிடங்களில் எடுக்கப்படும் உச்ச மதிப்பெண்ணை நம்புவது. 3டிமார்க் என்ற வேகம் அளக்கும் செயலியின் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு நிமிடச் சோதனையை 20 முறை ஓட்டும். அதில் ஸ்டெபிலிட்டி 60 சதவீதம் என்றால், சூடேறிய பின் கிடைத்த மிகக் குறைந்த மதிப்பெண் உச்சத்தில் 60 சதவீதம்தான் என்று பொருள். கத்திரி வெயிலில் நிலைமை இன்னும் மோசமாகும். சிப் எங்கே தயாரானது என்பதும் முக்கியம்: 2022இல் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 என்ற சிப் சாம்சங்கின் ஆலையிலிருந்து வந்தது, தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாறிய 8 பிளஸ் ஜென் 1, ஏறக்குறைய அதே வடிவமைப்புதான் என்றாலும், குறைவான மின்சாரத்தில் ஓடியது.

இனி வடிவம். மெலிந்த போனுக்கு எதை இழக்கிறீர்கள் என்று எண்களில் பாருங்கள். சாம்சங்கின் கேலக்ஸி எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் திரை 6.7 அங்குலம். தடிமன் 7.3 மி.மீ.யிலிருந்து 5.8 ஆனதில் பேட்டரி 4900 எம்ஏஎச்சிலிருந்து 3900 ஆனது. தூரத்தில் இருப்பதை நெருக்கி எடுக்கும் டெலிபோட்டோ கேமராவும் போயிற்று. இது எங்களுக்கு லாபமான பேரமாகத் தெரியவில்லை.

மடிக்கும் போனில் நடக்கும் பெரிய தவறு உள் திரையின் மேலுள்ள படலத்தை உரிப்பது. அது திரையின் ஓர் அங்கம். 2019இல் முதல் கேலக்ஸி ஃபோல்டைச் சோதித்தவர்களில் சிலர் அதை ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து உரிக்க, திரை செத்தது. வேறு சில போன்களும் பழுதாக, ஏப்ரலில் வர வேண்டிய போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. நாளடைவில் மடிப்புக் கோட்டில் படலம் எழும்பினால் கையால் இழுக்காதீர்கள், மேலே வேறு கார்டும் ஒட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரில் புதிய படலம் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஃபோல்டு தாங்கும் என்று சாம்சங் சொன்ன 2,00,000 மடிப்பு, நாளைக்கு 100 முறை என்றால் ஐந்தரை ஆண்டு. அது எந்திரம் மடித்த கணக்கு. கடற்கரை மணல் அதில் இல்லை. கேலக்ஸி இசட் ஃபோல்டு6இன் ஐபி48 என்ற பாதுகாப்புத் தரத்தில் 8 தண்ணீருக்கு, 4 திடப்பொருளுக்கு. அந்த 4, ஒரு மி.மீ.க்கு மேற்பட்ட துகளைத்தான் தடுக்கும். நைஸ் மணல் கீலுக்குள் போகும். வாங்கும் முன் உள் திரை மாற்ற என்ன விலை, காப்பீடு எத்தனை முறை ஏற்கும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அந்தத் தொகையையும் போன் விலையோடு கூட்டிப் பாருங்கள்.