‘அவன் குணமே அப்படி’ என்று அறிக்கையில் எழுதும் முன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லருக்கு உதவியாளாக, அதாவது கைமடியாக இருக்கும் 17 வயதுப் பையன் பைக் திருட்டில் சிக்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள், அவன் பின்னணி பற்றி நன்னடத்தை அலுவலரான நீங்கள் எழுதும் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். அவசரத்தில் பேனா தானாக எழுதும் வரி: “துடுக்கானவன், அதனால் திருடினான்.” துடுக்கு என்று எப்படித் தெரியும்? திருடினானே! செக்குமாடு போன வழிதான் இது. குணத்துக்கான ஆதாரம் வழக்குக்கு வெளியிலிருந்து வர வேண்டும். திருட்டையே ஆதாரமாக வைத்தால் அறிக்கை ஒன்றையும் விளக்காது.

முதலில் எந்தக் குணம் என்று பிரியுங்கள். 1964-இல் உளவியலாளர் ஐசென்க், மூளையின் கிளர்ச்சி குறைந்த புறமுகக்காரர்கள் (கலகலப்பாக வெளியாட்களை நாடுபவர்கள்) பரபரப்பைத் தேடுவார்கள், கண்டிப்பும் அவர்களுக்குள் எளிதில் பதியாது என்றார். பிந்தைய ஆய்வுகளில் புறமுகத்தன்மை அவ்வளவாக நிற்கவில்லை. இணக்கமும் பொறுப்புணர்வும் குறைவாக இருப்பதுதான் குற்றத்தோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வருகிறது.

துடுக்கும் ஒரே சரக்கு அல்ல. கோபத்தில் நிதானம் இழப்பது, யோசிக்காமல் இறங்குவது, எடுத்த வேலையைப் பாதியில் விடுவது, திரில்லுக்கு ஏங்குவது என நான்கு. நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். “சனிக்கிழமை சம்பளம் வாங்குனா திங்கக்கிழமை கையில எவ்வளவுங்க நிக்கும்?” என்பது இரண்டாவதைத் தொடும். “பீஸைப் பாதியில போட்டுட்டு எந்திரிச்சுப் போவானுங்களா?” என்று டெய்லரிடம் கேட்டால் மூன்றாவது தெரியும். கம்பெனியில் டெய்லர், வீட்டில் ஆத்தா, பழைய வகுப்பாசிரியர் என்று மூன்று இடங்களில் விசாரியுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மரியாதை. பெரியவர்கள் கேட்கும் கேள்வி எதற்கும் நம் பக்கத்துப் பையன் “ஆமாங்க” என்றுதான் சொல்வான். “சட்டுனு கோபம் வருமா?” என்று கேட்டால், பத்து நிமிடம் கழித்து “யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்குவியா?” என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் “ஆமாங்க” வந்தால் அந்தப் பதில்களை ஒதுக்குங்கள். மற்றது, கம்பெனி மாறுவது. ஒரு வருஷத்தில் மூன்று கம்பெனி என்றதும் பொறுப்பில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆர்டர் வற்றினால் வேலை நிற்கும், பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு ஆள் நகரும். திருப்பூரில் அது பிழைப்பு. கூடவே வேலைக்கு நின்றவர்களும் அதே சமயத்தில் மாறினார்களா என்று பாருங்கள்.

இரக்கமும் குற்றவுணர்வும் இல்லாத குணத்தை (சைக்கோபதி) அளக்க உளவியலாளர் ஹேர் வகுத்த மனப்பிறழ்வுப் பட்டியலை இங்கே இழுக்க வேண்டாம். 20 கூறு, 40 மதிப்பெண், 30 பொதுவான வெட்டுக்கோடு. பயிற்சி பெற்றவர் ஆவணங்களோடு பெரியவர்களை மதிப்பிட வைத்திருப்பது அது.

வம்சத்தையும் தொடாதீர்கள். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. “அந்தக் கூட்டமே அப்படித்தான்” என்ற பேச்சு ஊர்க்காரர் வாயில் இன்னும் இருக்கிறது. அதை அறிக்கைக்குள் விடக்கூடாது.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். பதின்வயதில் மட்டும் தவறு செய்துவிட்டு விடுபவர்களையும், சிறு வயதிலிருந்தே தொடர்பவர்களையும் 1993-இல் உளவியலாளர் மோஃபிட் பிரித்தார். பத்து வயதுக்கு முன் அடிதடி, திருட்டு இருந்ததா என்று கேட்காமல் ‘தொடர்வான்’ என்று எழுதக்கூடாது.

கடைசியாக, குணம் அன்றைய நாளை விளக்காது. பொறுப்பு குறைந்த பையன்கள் பெரும்பாலோர் பைக் திருடுவதில்லை. அன்று சாவி வண்டியிலேயே இருந்ததா, கூட யார் இருந்தார்கள் என்பது தனிப் பத்தி. குணத்துக்கான வரி இப்படி இருக்கலாம்: “சம்பவத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் யோசிக்காமல் செலவழித்ததாக டெய்லரும் ஆத்தாவும் தனித்தனியே கூறினர், வேலையைப் பாதியில் விட்டதாக எவரும் கூறவில்லை.”