பழைய காரில் முன்பக்கம் ‘டொக் டொக்’ சத்தமா?

பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்று கேட்டதும் ஷாக் அப்சர்பரை மாற்றிவிடாதீர்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் எண்டுதான் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). அப்புறம் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம். பால் ஜாயிண்ட் என்றால் தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள், கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கமெல்லாம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கும். எதுவுமே ஆடவில்லையா, சரி, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள், என் காரில் அதுதான்.