கோடையில் ஷமோனியும் ஜெனீவாவும்: திட்டம் போடும்போதே நேரும் தவறுகள்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா விமான நிலையத்திலிருந்து, மோன் பிளான் மலையடியில் இருக்கும் பிரெஞ்சு ஊரான ஷமோனிக்குச் சாலை வழியே 90 கிலோமீட்டருக்குள்தான். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலரும் ஜெனீவாவில் நான்கு இரவு அறை போட்டுவிட்டு, நடுவில் ஒரு நாளை மலைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நாளுக்கான கேபிள் கார் டிக்கெட்டையும் கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அன்று மோன் பிளான் மேகத்துக்குள் போய்விட்டால், கேபிள் கார் கொண்டுபோய்விடும் எக்வீ து மிதி உச்சியில், 3,842 மீட்டர் உயரத்தில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஜூலை, ஆகஸ்டிலும் ஆல்ப்ஸ் இப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கிடப்பது உண்டு.

நகரத்துக்கு எந்த நாளும் சரிப்படும், மலைக்குச் சரிப்படாது. ஐந்து இரவு இருந்தால் மூன்றை ஷமோனிக்கும் இரண்டை ஜெனீவாவுக்கும் கொடுங்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே மலைக்குப் போய்விட்டு, நகரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் ஒரு காலையாவது வானம் திறக்க வாய்ப்பு அதிகம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு நகரத்தில் இருப்பதால் சாலை நெரிசலை நினைத்துப் பதற வேண்டியதும் இல்லை.

முந்தைய நாள் மாலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஷமோனி தேவாலயத்துக்கு அருகே உள்ள 'மேசோன் து லா மோன்தாஞ்' கட்டடத்தில் மலைக்கென்றே தனி அறிக்கை ஒட்டியிருப்பார்கள். கைபேசி ஆப் காட்டுவது பள்ளத்தாக்கின் வானிலை. மேலே நிலைமை வேறு. காலையில் எழுந்ததும் உச்சியில் உள்ள வெப்கேமைப் பார்த்துவிட்டு அறையை விட்டுக் கிளம்புங்கள்.

மே மாதத்தைக் கோடை என்று நம்புவது

ஜெனீவா ஏரிக்கரையில் மே மாதம் அருமையாக இருக்கும். ஷமோனியில் அது இரண்டு சீசனுக்கும் நடுவிலான ஓய்வுக்காலம். பனிச்சறுக்கு முடிந்து, பராமரிப்புக்காகப் பல கேபிள் கார்கள் நின்றுவிடும். ஓட்டல்களிலும் உணவகங்களிலும் பாதி பூட்டியிருக்கும். 2,000 மீட்டருக்கு மேலுள்ள நடைபாதைகளில் பனி கிடக்கும். மலையேற்றத்துக்கான கோடை என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். அதிலும் லாக் பிளான் ஏரிப் பாதை போன்ற உயரமான இடங்களில் ஜூலைத் தொடக்கம்வரைகூடப் பனித்திட்டுகள் இருக்கும். காலையில் அவை கல்லாக இறுகியிருப்பதால் சாதாரண ஷூ வழுக்கிவிடும்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. மோன் பிளானைச் சுற்றி ஓடும் யுடிஎம்பி மலை ஓட்டப் பந்தயம் அப்போதுதான் நடக்கிறது. அறை கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் விலை எங்கோ இருக்கும். ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் விஷயம் வேறு.

எக்வீ து மிதி: தவறுகள் குவியும் இடம்

ஷமோனி 1,035 மீட்டரில் இருக்கிறது. 1955-இல் திறக்கப்பட்ட எக்வீ து மிதி கேபிள் கார் இருபதே நிமிடத்தில் உங்களை 3,777 மீட்டருக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து பாறைக்குள் ஓடும் லிஃப்டில் 3,842 மீட்டர் தளத்துக்குப் போகலாம். பள்ளத்தாக்கில் டீ சர்ட் போட்டு நிற்கிறவர்கள் அதே உடையில் ஏறிவிடுகிறார்கள். உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். ஜெனீவா ஏரிக்கரை சுமார் 375 மீட்டர். அங்கே 30 டிகிரி என்றால் உச்சியில் 7, 8 டிகிரி. அதுவும் நடுப்பகல் கணக்கு. காலை முதல் கேபிள் காரில் போனால் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், காற்று வேறு அடிக்கும். மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் தொப்பி, கையுறை ஆகியவை ஆகஸ்டிலும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கருப்புக் கண்ணாடி கட்டாயம். அது இல்லாமல் ஒரு மணி நேரம் நின்றால் அன்று இரவு கண் எரிச்சலில் தூக்கம் போய்விடும்.

அடுத்தது மூச்சு. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. உடலுக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. காரிலிருந்து இறங்கியதும் படிகளில் ஓடுகிறவர்கள் பத்தாவது நிமிடம் தலைசுற்றலோடு சுவரில் சாய்ந்துவிடுகிறார்கள். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். தலைவலி ஆரம்பித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலேயே இருப்பது தவறு, இறங்குவதுதான் மருந்து. 2,317 மீட்டரில் உள்ள இடைநிலையத்துக்கு வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் போவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை ஏற்றவே மாட்டார்கள். ஐந்து வயதுவரை வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறார்கள். இது தெரியாமல் கைக்குழந்தையோடு வரிசையில் நின்று, வாசலில் திரும்பிப் போகும் குடும்பங்கள் உண்டு.

கேபிள் கார்களுக்கான பல நாள் பாஸ் கையில் இருந்தாலும் எக்வீ து மிதிக்கு நேர ஸ்லாட்டைத் தனியாக புக் செய்யுங்கள். பாஸ் என்பது கட்டணம் மட்டும்தான், அது இருக்கை தராது. காலை 8 மணிக்கு முந்தைய ஸ்லாட்டைப் பிடித்தால் நல்லது. நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலெழுந்து சிகரங்களை மேகத்தால் மூடிவிடும். மாலை இடி மின்னலுக்கும் அதுவே காரணம்.

மேலே பனிக்குகைக்குப் பின் ஒரு கதவு இருக்கிறது. முதுகில் கயிறும் கையில் பனிக்கோடரியுமாக ஆட்கள் அதன் வழியே வெளியே போவார்கள். போட்டோவுக்காக அவர்கள் பின்னால் நாலடி போய்ப் பார்க்கும் ஆசை வரும். அந்தக் கதவுக்கு வெளியே குறுகலான பனி முகடு, இரு பக்கமும் சரிவு. காலணியில் மாட்டும் கிராம்பான், கயிறு, வழிகாட்டி இல்லாமல் ஓரடிகூட வைக்கக்கூடாது.

இறங்கும்போது பணம் வீணாகும் ஒரு தவறும் இருக்கிறது. இடைநிலையத்தில் இறங்கி மோன்டன்வெர் மலை ரயில் நிலையம் வரை நடப்பது இரண்டரை, மூன்று மணி நேர அழகான பாதை. அங்கிருந்து ரயிலில் ஷமோனிக்கு வந்துவிடலாம். இந்தத் திட்டம் உள்ளவர்கள் எக்வீ து மிதிக்கு ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டால் இறங்கும் பாதிக் கட்டணம் போச்சு, ரயிலுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். கவுன்டரில் திட்டத்தைச் சொல்லியே டிக்கெட் வாங்குங்கள். இரண்டு நாளில் எக்வீ து மிதி, மோன்டன்வெர், பிரெவான் சிகரம் மூன்றும் என்றால் பாஸ்தான் பெரும்பாலும் மலிவு.

மோன்டன்வெரில் மேர் து கிளாஸ் பனியாற்றுக்கு இறங்க 500-க்கும் மேற்பட்ட படிகள் என்று பழைய குறிப்புகள் பயமுறுத்தும். 2024-இல் புதிய கேபின் லிஃப்ட் வந்துவிட்டது.

லாக் பிளான் போகிறவர்கள்

ஃபிளெஜேர் கேபிள் காரில் 1,877 மீட்டருக்குப் போய், அங்கிருந்து 2,352 மீட்டரில் உள்ள ஏரிக்கு நடக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். கடைசிக் கார் இறங்கும் நேரத்தைக் கீழேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் 800 மீட்டருக்கு மேல் முழங்கால் நோகக் கீழே நடக்க வேண்டும். எக்வீ ரூஜ் இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் பாதை என்பதால் நாய்க்கு அனுமதி இல்லை. ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கவும் கூடாது.

எல்லை ஒன்று, வித்தியாசங்கள் பல

பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் பகுதிதான், ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எல்லையில் பெரும்பாலும் நிறுத்த மாட்டார்கள் என்பதற்காகப் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திடீர்ச் சோதனை உண்டு.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பிரெஞ்சு சிம் கார்டு ஐரோப்பா முழுவதும் ஓடும் என்று விற்றாலும், சுவிட்சர்லாந்து அதில் சேர்த்தியா என்று கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் இருக்காது. ஜெனீவாவில் வரைபடம் பார்த்ததற்கே கட்டணம் எகிறிவிடும். இருப்பது சேர்த்தி இல்லாத சிம் என்றால் எல்லைக்கு முன்பே ரோமிங் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். பணமும் வேறு. ஜெனீவாவில் பல கடைகள் யூரோவை வாங்கும், ஆனால் விகிதம் மோசம், மீதியும் ஃபிராங்கில்தான் வரும். கார்டு மெஷின் உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். பிரான்ஸில் வாங்கிய தடித்த உருண்டை பிளக் சுவிஸ் சாக்கெட்டில் நுழையாது. மெல்லிய இரண்டு பின் சார்ஜர் இரண்டு நாட்டிலும் நுழையும்.

வாடகைக் கார் எடுக்கிறவர்கள் இடறும் இடம் சுவிஸ் மோட்டார்வே ஸ்டிக்கர். ஆண்டுக்கு 40 ஃபிராங்க். குறுகிய காலத்துக்கென்று தனியாக இல்லை. இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், அதோடு ஸ்டிக்கர் விலையும். ஜெனீவா விமான நிலையத்தின் சுவிஸ் பக்கத்தில் எடுக்கும் காரில் அது இருக்கும். பிரெஞ்சுப் பக்கத்துக் காரில் பெரும்பாலும் இருக்காது. 2023-லிருந்து இணையத்தில் வண்டி எண்ணுக்கே வாங்கிக்கொள்ளலாம். மோட்டார்வேயைத் தொடாமல் நகரச் சாலைகளில் எல்லை தாண்டினால் தேவையில்லை. பிரான்ஸ் பக்கம் ஏ40 நெடுஞ்சாலைக்கு டோல் தனி. ஒரு பக்கம் எடுத்த காரை மறு பக்கம் விட்டால் கூடுதல் கட்டணம் போடுவார்கள். எடுத்த பக்கமே திருப்பிக் கொடுங்கள்.

உண்மையில் கார் தேவையா என்பதே கேள்வி. விமான நிலையத்திலிருந்தே ஷமோனிக்குப் பேருந்துகள் இருக்கின்றன. ரயிலில் போனால் சான் ஜெர்வேயில் மாற வேண்டும், மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்சிக்காகப் போகலாம், அவசரத்துக்கு உதவாது. ஷமோனியில் சுற்றுலா வரி கட்டும் விடுதிகளில் விருந்தினர் அட்டை கேட்டு வாங்குங்கள். பள்ளத்தாக்கின் பகல் பேருந்துகளுக்கு அது செல்லும். ஜெனீவா ஓட்டல்களும் தங்கும் நாட்களுக்கு நகரப் போக்குவரத்து அட்டையை இலவசமாகத் தருகின்றன. அது தெரியாமல் டிராமில் ஏறும்போதெல்லாம் டிக்கெட் வாங்குகிறவர்கள் ஏராளம்.

ஜெனீவாவில் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். கோர்னவான் ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் திறந்திருக்கும். ஆகஸ்ட் 1 தேசிய நாள், அன்றும் இதே கதை. காசு செலவில்லாமல் பார்க்க ஜான்க்ஷியோனுக்குப் போங்கள். ஏரியிலிருந்து வரும் ரோன் ஆற்றின் தெளிந்த நீரில், ஷமோனி பனியாறுகளின் கல்மாவைச் சுமந்து வரும் ஆர்வ் ஆறு சாம்பல் நிறத்தில் கலக்கும் இடம் அது. பாலத்தில் நின்றால் இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடுவது தெரியும். அருகில் ரோனில் குளிக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிட வேண்டாம், இழுப்பு பலமானது. நீந்த வேண்டுமென்றால் ஏரியில் உள்ள பேன் தே பாக்கி குளியல் தளம் இருக்கிறது. 140 மீட்டர் உயரம் பீய்ச்சும் ஷே தோ நீரூற்றைக் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். முதலில் நீரூற்று ஓடுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நடங்கள்.

மலையில் விபத்து என்றால் 112. பிரான்ஸில் மலை மீட்புப் படைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் மருத்துவமனைக்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்கே பில் வரும். பயணக் காப்பீட்டில் மலை மீட்பும் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம்வரை என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள்.