தோட்டத்து லோடுக்குப் பழைய பிக்கப்: சேஸும் எஞ்சினும் பார்த்து வாங்கும் முறை

வண்டி தேடக் கிளம்புமுன் ஒரு நடைக்கு எத்தனை மூட்டை ஏறும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. 750 கிலோ தாங்கும் டாடா ஏஸில் 18 மூட்டை. 1250 கிலோ ரக அசோக் லேலண்ட் தோஸ்த்தில் 31. அதற்கு மேல் என்றால் மஹிந்திரா பொலிரோ பிக்கப்தான். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிறவர்கள் ஏஸ் பக்கம் போகவே வேண்டாம். தண்ணீர் மட்டும் ஒரு டன். அரைத் தொட்டியாக இருந்தால் அலம்பி, திருப்பத்தில் வண்டியைச் சாய்த்துவிடும்.

வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை விற்பவர் வாயிலிருந்து கேட்காதீர்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழியுங்கள். பின்னால் கம்பிக்கூண்டோ கனத்த பாடியோ சேர்த்திருந்தால் எடை மேடையில் காலி வண்டியை நிறுத்தி வெறும் எடையை எடுப்பதே சரி.

பழைய டீசல் ஏஸில் 702 சிசி, இரண்டு சிலிண்டர். டெல்டாவின் சமதளத்தில் குறையில்லாமல் ஓடும். மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்குகிறவருக்கு அது போதாது. ஏற இழுவை வேண்டும். இறங்கும்போது கியரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினும் வேண்டும். அங்கே பொலிரோவின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் பொருத்தம்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கரி எரிந்து தீர, எஞ்சின் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தோட்டத்துக்கும் மண்டிக்கும் மூன்று கிலோமீட்டர்தான் என்றால் அது நடக்காது. கரி அடைத்து வண்டி இழுக்காமல் போகும். குறுகிய ஓட்டத்துக்கு அதற்கு முந்தைய விதிப்படி வந்த நல்ல பிஎஸ்4 வண்டியே எங்கள் தேர்வு.

முதலில் சேஸ்

எஞ்சின் தேய்ந்திருந்தால் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக்கொள்ளலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் வளைந்திருந்தால் அப்படிச் சரிக்கட்ட முடியாது. அடியில் படுத்துப் பாருங்கள். கமான் பட்டை மாட்டும் பிராக்கெட்டைச் சுற்றி விரிசல், புதிதாக வெல்டு வைத்த தடம், ஒரே இடத்தில் மட்டும் புது பெயிண்ட் இருந்தால் அந்த வண்டி வேண்டாம். உரமும் கோழி எருவும் ஏற்றிய வண்டிகளில் பாடிக்கும் சேஸுக்கும் இடையே துரு உட்கார்ந்திருக்கும்; ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் செதில் உதிரும்.

ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடிபட்ட வண்டியாகவோ ஆக்சில் நகர்ந்ததாகவோ இருக்கும். காலி வண்டியிலேயே பட்டை தட்டையாகி, பட்டை சேஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ரப்பர் நைந்திருந்தால் ஓவர்லோடு அடித்திருக்கிறார்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சுக் கம்பியான கிங்பின்னோ பேரிங்கோ தேய்ந்துவிட்டது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்

காலையில் போங்கள், எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். தண்ணீரில் ஆயில் மிதப்பதும், டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருப்பதும் அதே கேஸ்கெட்டைத்தான் காட்டும்.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே துளைமேல் வையுங்கள். லேசான ஆவி இயல்பு. மூடி துள்ளி விழுந்து, புகை விட்டு விட்டுத் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. முழு எஞ்சின் வேலைக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். சைலன்ஸரில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இறக்கத்தில் வந்து ஆக்சிலேட்டர் மிதித்த கணத்தில் மட்டும் நீலம் வந்தால் வால்வு சீல், செலவு குறைவு. கரும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள், அதற்குப் பிறகே இன்ஜெக்டர்.

காமன் ரெயில் (ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் போகும்) வண்டி என்றால் மெக்கானிக்கைக் கொண்டு ரிட்டர்ன் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவுள்ள தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓட்ட வேண்டும். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது. கேனில் வாங்கி வைத்த டீசலில் கலந்த தண்ணீரும் தூசியும்தான் பெரும்பாலும் காரணம்.

லோடோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அரை லோடாவது ஏற்றி 20 நிமிடம் ஓட்டி, ஒரு மேட்டில் பின்னோக்கி ஏற்றுங்கள். தோட்டத்தில் தினமும் செய்யப்போகும் வேலை அது. உதறினாலோ, எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி நகராவிட்டாலோ கிளச் மாற்ற வேண்டும். சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் துடைத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிப் போட்ட வண்டி என்றால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். கடன் தீர்ந்ததற்கு ஃபார்ம் 35, பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வண்டிக்கு 8 வயது தாண்டியிருந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அடுத்த எஃப்சி எப்போது என்று பார்த்து அந்தச் செலவையும் விலையில் சேருங்கள்.

வாங்கிய வாரமே எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில் மூன்றையும், டீசல், ஏர், ஆயில் ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். டிஃபரென்ஷியலிலிருந்து வடியும் ஆயில் வெளுத்திருந்தால் வாய்க்கால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆக்சில் சீலையும் மேலே உள்ள காற்றுத் துளையையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.